போன வருஷம் இடிச்ச கார், இந்த வருஷம் ஏறும் பிரீமியம்: ‘க்ளெய்ம் இல்லை’ என்று பொய் சொன்னால் என்ன ஆகும்?

ஒரு உதாரணம். சென்னை வேளச்சேரியில் குடியிருக்கும் ஐடி ஊழியர் ஒருவர். சில மாதங்களுக்கு முன்பு ஓஎம்ஆர் சிக்னலில், முன்னால் நின்ற காரின் பின்பக்கத்தில் இடித்துவிட்டார். தப்பு முழுக்க இவர் மேல்தான். யாருக்கும் அடி இல்லை. முன் பம்பர், ஹெட்லைட், பானெட் எல்லாம் மாற்றியதில் பில் ரூ.38,000. தேய்மானம், கட்டாயப் பிடித்தம் எல்லாம் போக இன்ஷூரன்ஸ் நிறுவனம் ரூ.29,000 கொடுத்தது. மீதியை இவர் கட்டி, வண்டியை எடுத்து வந்தார். விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தார்.

இப்போது பாலிசியைப் புதுப்பிக்கும் நேரம். பழைய நிறுவனம் அனுப்பிய தொகையைப் பார்த்ததும் பகீர் என்கிறது. சரி, வேறு கம்பெனியில் பார்க்கலாம் என்று மொபைலில் ஒரு ஒப்பீட்டுத் தளத்தைத் திறக்கிறார். வண்டி நம்பர் போட்டதும் ஒரு கேள்வி வருகிறது: “கடந்த பாலிசி ஆண்டில் க்ளெய்ம் செய்தீர்களா?” ஆம், இல்லை என இரண்டு பட்டன். ‘இல்லை’யைத் தொட்டுப் பார்த்தால் பிரீமியம் ஆயிரக்கணக்கில் குறைகிறது. பக்கத்து சீட் நண்பர் சொல்கிறார்: “இல்லைன்னே போடு மச்சி, இதையெல்லாம் யாரு செக் பண்ணப் போறாங்க?”

அந்த ஒரு பட்டனில் மிச்சமாகும் பணம் எவ்வளவு, அதற்காகப் பணயம் வைப்பது எவ்வளவு என்று பார்க்கலாம்.

பிரீமியத்தில் இரண்டு பாகம்

கார் இன்ஷூரன்ஸ் என்று நாம் ஒரே தொகையாகக் கட்டினாலும் உள்ளே இரண்டு தனித்தனிக் கணக்குகள் இருக்கின்றன.

முதலாவது, தேர்டு பார்ட்டி. நம் வண்டியால் மற்றவருக்கு உயிரிழப்போ, காயமோ, பொருள் சேதமோ ஏற்பட்டால் அதற்கான பாதுகாப்பு இது. சட்டப்படி கட்டாயம். இதன் கட்டணத்தை நிறுவனங்கள் முடிவு செய்வதில்லை. மத்திய அரசு அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த கட்டணப்படி, 1000 சிசி வரையிலான தனியார் காருக்கு ஆண்டுக்கு ரூ.2,094, 1000-க்கு மேல் 1500 சிசி வரை ரூ.3,416, அதற்கு மேல் ரூ.7,897. பத்து வருடம் கீறல் இல்லாமல் ஓட்டியவருக்கும், போன மாதம் இடித்தவருக்கும் இந்தத் தொகை ஒன்றுதான்.

இரண்டாவது, ஓன் டேமேஜ். நம் காருக்கு ஏற்படும் சேதத்துக்கானது. விபத்து மட்டுமல்ல, திருட்டு, தீ, வெள்ளம் எல்லாம் இதில்தான் வரும். இந்தப் பாகத்தின் விலையை 2007 முதல் நிறுவனங்களே தீர்மானிக்கின்றன. பழைய விபத்தின் பாதிப்பு முழுக்க இந்தப் பாகத்தில்தான் தெரியும்.

போனஸ் எப்படி ஏறும், எப்படி இறங்கும்?

ஓன் டேமேஜ் பிரீமியத்தில் கிடைக்கும் பெரிய சலுகை ‘நோ க்ளெய்ம் போனஸ்’, சுருக்கமாக என்சிபி. ஒரு முழு ஆண்டு க்ளெய்ம் இல்லையென்றால் அடுத்த புதுப்பித்தலில் 20% தள்ளுபடி. தொடர்ந்து இரண்டு ஆண்டு என்றால் 25%, மூன்று ஆண்டு 35%, நான்கு ஆண்டு 45%, ஐந்து ஆண்டு 50%. அதற்கு மேல் ஏறாது.

ஏறுவதற்கு ஐந்து வருடம். இறங்குவதற்கு ஒரே ஒரு க்ளெய்ம் போதும். 50%-ல் இருந்தவரும் அடுத்த புதுப்பித்தலில் பூஜ்யத்துக்கு வந்துவிடுவார். ரூ.8,000-க்கு க்ளெய்ம் செய்தாலும், ரூ.2 லட்சத்துக்குச் செய்தாலும் இறக்கம் ஒன்றுதான்.

நம் வேளச்சேரி இளைஞரின் கணக்குக்கு வருவோம். 1200 சிசி கார். போனஸ் கழிப்பதற்கு முன் ஓன் டேமேஜ் பிரீமியம் ரூ.12,000 என்று வைத்துக்கொள்வோம். போன முறை 35% போனஸ் வாங்கியிருந்தார். க்ளெய்ம் செய்யாமல் இருந்திருந்தால் இந்த முறை 45% கிடைத்திருக்கும். அதாவது ஓன் டேமேஜுக்கு ரூ.6,600, தேர்டு பார்ட்டிக்கு ரூ.3,416, மேலே 18% ஜிஎஸ்டி. மொத்தம் சுமார் ரூ.11,819. இப்போது போனஸ் இல்லாததால் ஓன் டேமேஜ் முழு ரூ.12,000. மொத்தம் சுமார் ரூ.18,191. தனிநபர் விபத்துக் காப்பீடு, ஆட்-ஆன்களை இதில் சேர்க்கவில்லை. வித்தியாசம் ரூ.6,372. ‘இல்லை’ பட்டன் மிச்சப்படுத்தித் தருவது இந்தத் தொகையைத்தான்.

தப்பு யாருதுன்னு பார்க்க மாட்டாங்களா?

பலருக்கும் வரும் சந்தேகம் இது. பதில் கொஞ்சம் கசப்பானது: என்சிபியைப் பொறுத்தவரை பார்க்க மாட்டார்கள்.

சிக்னலில் ஒழுங்காக நின்றவரின் கார் மீது வேறொருவர் வந்து மோதினாலும், அந்தச் செலவை இவர் தன் பாலிசியில் க்ளெய்ம் செய்தால் போனஸ் போய்விடும். தானே தூணில் இடித்துக்கொண்டவர் கைக்காசு போட்டுச் சரிசெய்துவிட்டால் போனஸ் அப்படியே இருக்கும். இந்தியாவில் கணக்கில் வருவது தப்பு செய்தாரா என்பதல்ல, க்ளெய்ம் செய்தாரா என்பது.

இன்னொன்று, போனஸ் ஓட்டுநருக்கானது அல்ல. பாலிசி வைத்திருக்கும் உரிமையாளருக்கானது. “ஒரு ரவுண்டு போயிட்டு வர்றேன்டா” என்று சாவியை வாங்கிப்போன நண்பர் இடித்துவிட்டு வந்து, உரிமையாளர் க்ளெய்ம் செய்தால், போவது உரிமையாளரின் போனஸ். அந்த நண்பரின் சொந்தக் கார் பாலிசியில் இதன் சுவடே இருக்காது. அதேபோல, பழைய காரை விற்றாலும் சேர்த்த போனஸை உரிமையாளர் தன் புதிய காருக்கு எடுத்துச் செல்லலாம். காரை வாங்கியவருக்கு அது போகாது.

பிரான்ஸில் நிலைமை வேறு. அங்கே முழுத் தவறும் ஓட்டுநர் மீது என்று முடிவானால் பிரீமியத்தின் அடிப்படைக் குணகம் 25% ஏறும். தவறு இரு தரப்பிலும் என்றால் 12.5%. தவறே இல்லையென்றால் ஏறாது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ‘நல்ல ஓட்டுநர்’ என்ற தகுதி இருந்தால் குறைந்தது 20% தள்ளுபடி தர வேண்டும் என்பது சட்டம். விபத்தில் முக்கியத் தவறு யாருடையது என்பது அந்தத் தகுதியைப் பாதிக்கும்.

இங்கும் ஓட்டும் விதத்தைப் பிரீமியத்தோடு இணைக்கும் யோசனைகள் வந்திருக்கின்றன. போக்குவரத்து விதிமீறல்களுக்குப் புள்ளி போட்டு, அதற்கேற்ப கூடுதல் பிரீமியம் வசூலிக்கலாம் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அமைத்த குழு பரிந்துரைத்தது. அந்த அறிக்கை 2021 ஜனவரியில் வெளியானது. ஓட்டும் தூரத்துக்கு ஏற்பவும், ஓட்டும் விதத்துக்கு ஏற்பவும் கட்டணம் வைக்கும் ஆட்-ஆன்களை 2022 ஜூலையில் ஐஆர்டிஏஐ அனுமதித்தது.

கம்பெனி மாறினால் பழைய க்ளெய்ம் மறைந்துவிடுமா?

மறையாது. என்சிபி எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான ஏணி. ஐந்து வருடம் ஒரு நிறுவனத்தில் சேர்த்த 50%-ஐ இன்னொரு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லலாம் என்றால், பூஜ்யமும் கூடவேதான் வரும்.

புதிய நிறுவனம் இதை எப்படித் தெரிந்துகொள்ளும்? வாடிக்கையாளர் ‘க்ளெய்ம் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தால், பாலிசி கொடுத்த 21 நாட்களுக்குள் பழைய நிறுவனத்துக்கு எழுதி உறுதி செய்ய வேண்டும். பழைய நிறுவனம் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்று மோட்டார் டாரிஃப் விதி சொல்கிறது. எல்லா பாலிசிக்கும் இது ஒழுங்காக நடப்பதில்லை என்பதுதான் ‘யாரும் செக் பண்ண மாட்டாங்க’ என்ற நம்பிக்கைக்குக் காரணம். ஆனால் பாலிசி கொடுக்கும்போது பார்க்காதவர்கள், பெரிய க்ளெய்ம் வரும்போது பழைய பாலிசியைக் கட்டாயம் தோண்டுவார்கள்.

அப்போது கைக்கு வரும் காகிதம், வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட உறுதிமொழி. ‘இந்தத் தகவல் தவறு என்று தெரிந்தால், பாலிசியின் முதல் பிரிவின் கீழ் வரும் எல்லாப் பலன்களும் பறிபோகும்’ என்பது அதன் சாரம். முதல் பிரிவு என்பது ஓன் டேமேஜ். மொபைலில் படிக்காமல் டிக் செய்யும் ‘ஒப்புக்கொள்கிறேன்’ கட்டத்துக்குள் இதுவும் இருக்கிறது.

வேளச்சேரிக்காரருக்கு இதன் அர்த்தம் என்ன? 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அந்தப் பகுதியில் கார்கள் தண்ணீரில் மூழ்கியது ஊருக்கே தெரியும். இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் செலவு லட்சங்களைத் தொடும். வெள்ளச் சேதம் வருவது ஓன் டேமேஜ் பிரிவில். ரூ.6,372-ஐ மிச்சப்படுத்த அவர் பணயம் வைப்பது இந்தப் பாதுகாப்பைத்தான்.

இப்படி மறுக்கப்பட்ட க்ளெய்ம்கள் நுகர்வோர் ஆணையங்களுக்குப் போயிருக்கின்றன. ‘நிறுவனமும் 21 நாளில் சரிபார்க்கவில்லையே’ என்ற வாதத்தை ஏற்று, தொகையைக் குறைத்துத் தரச் சொன்ன தீர்ப்புகள் உண்டு. மறுத்தது சரிதான் என்ற தீர்ப்புகளும் உண்டு. எந்தப் பக்கம் போகும் என்பது வழக்குக்கு வழக்கு மாறும். கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்க, வருடக்கணக்கில் அலைய வேண்டும் என்பது மட்டும் மாறாது.

அப்போ, க்ளெய்ம் பண்ணினதே தப்பா?

இல்லை. அதையும் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு க்ளெய்மின் விலை அடுத்த வருடத்தோடு முடிவதில்லை. மறுபடி 50%-ஐத் தொடும்வரை ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். ஓன் டேமேஜ் பிரீமியம் ரூ.12,000 மாறாமல் இருக்கிறது, இடையில் வேறு க்ளெய்ம் இல்லை என்று வைத்துக்கொண்டால், ஜிஎஸ்டியோடு சேர்த்து மொத்தக் கூடுதல் செலவு இது:

• புதிய காரின் முதல் ஆண்டு, போனஸ் இன்னும் தொடங்கவில்லை: ரூ.7,080

• இப்போதைய பாலிசியில் 20% போனஸ்: ரூ.11,328

• 35% போனஸ்: ரூ.16,992

• 50% போனஸ்: ரூ.17,700

கார் பழசாக ஆக அதன் காப்பீட்டு மதிப்பான ஐடிவி குறைவதால், நிஜத்தில் இந்தத் தொகைகள் சற்றுக் குறையலாம். ஆனால் முடிவெடுக்க இது போதும். க்ளெய்மில் கைக்கு வரும் தொகை இதைவிடக் குறைவு என்றால் சொந்தக் காசில் பார்த்துக்கொள்வது லாபம். அதிகம் என்றால் க்ளெய்ம் லாபம்.

நம் இளைஞருக்குக் கிடைத்தது ரூ.29,000. அவர் வரும் வருடங்களில் இழப்பது சுமார் ரூ.17,000. க்ளெய்ம் செய்தது சரியான முடிவுதான். இப்போது ஏறியிருக்கும் பிரீமியம் தண்டனை அல்ல. ஏற்கெனவே வாங்கிக்கொண்ட பணத்தின் ஒரு பகுதி.

பில் தொகையை வைத்துக் கணக்குப் போடக் கூடாது என்பதும் முக்கியம். பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்கள், பேட்டரி, ரப்பர் பாகங்களுக்கு 50% தேய்மானம் கழிப்பார்கள். உலோகப் பாகங்களுக்கு காரின் வயதைப் பொறுத்து கழிவு. அதற்கு மேல் கட்டாயப் பிடித்தம்: 1500 சிசி வரை ரூ.1,000, அதற்கு மேல் ரூ.2,000. ‘ஜீரோ டெப்’ ஆட்-ஆன் இல்லாதவருக்கு ரூ.15,000 பில்லில் பாதியளவே கைக்கு வரலாம். அதனால் பார்க்கிங் தூணில் உரசிய டென்டுக்கு க்ளெய்ம் ஃபார்ம் எடுப்பதற்கு முன், ஒர்க்‌ஷாப்பில் எஸ்டிமேட் வாங்கி, “இதுல எனக்கு எவ்வளவு வரும்?” என்று கேட்டுவிடுவது நல்லது. க்ளெய்ம் பதிவு செய்த பிறகு மனம் மாறினால், பணம் பெறாமல் வாபஸ் வாங்க முடியுமா, அப்படி வாங்கினால் போனஸ் காப்பாற்றப்படுமா என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தவருக்கு அடிபட்டால் இந்தக் கணக்கு பொருந்தாது

மேலே சொன்ன லாப நட்டக் கணக்கு சொந்தக் காரின் சேதத்துக்கு மட்டும்தான். விபத்தில் ஒருவருக்குக் காயம் என்றால் ‘பேசி முடிச்சுக்கலாம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி, காவல்துறைக்குத் தகவல், இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்துப்பூர்வத் தகவல் ஆகியவை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவின்படி ஓட்டுநரின் கடமை.

உயிரிழப்பு, காயத்துக்கான இழப்பீட்டை மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் முடிவு செய்யும். அதற்கு நிறுவனத்தின் பொறுப்பில் உச்சவரம்பு இல்லை. பொருள் சேதத்துக்கு தனியார் கார் பாலிசியில் ரூ.7.5 லட்சம் வரை. தேர்டு பார்ட்டி க்ளெய்ம் மட்டும் வந்து, தன் காருக்கு எதுவும் கேட்காமல் இருந்தால் என்சிபி பொதுவாகப் பாதிக்கப்படாது. ‘போனஸ் போயிடுமே’ என்று தகவலை மறைப்பதற்குக் காரணமே இல்லை.

‘ஆம்’ என்று சொல்லிவிட்டு எப்படித் தேடுவது?

உண்மையைச் சொன்ன பிறகும் செலவைக் குறைக்க வழிகள் இருக்கின்றன.

*நான்கைந்து இடங்களில் விலை கேட்கலாம்.* போனஸ் எல்லா இடத்திலும் பூஜ்யம்தான். ஆனால் அந்த பூஜ்யத்துக்கு முந்தைய ஓன் டேமேஜ் விலையை ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் நிர்ணயிக்கிறது. பழைய க்ளெய்மைப் பார்த்து ஒரு நிறுவனம் தன் சொந்தத் தள்ளுபடியை அதிகம் குறைக்கலாம். இன்னொன்று பெரிதாகக் கண்டுகொள்ளாமல் விடலாம். அதனால் க்ளெய்ம் இல்லாத ஆண்டைவிட, க்ளெய்ம் செய்த ஆண்டில்தான் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

*ஐடிவி ஒன்றா என்று பார்க்க வேண்டும்.* ஒரு இடத்தில் பிரீமியம் குறைவாகத் தெரிந்தால், காரின் மதிப்பைக் குறைத்துப் போட்டிருக்கிறார்களா என்று கவனிக்க வேண்டும். கார் திருடுபோனாலோ, முழுதாக நாசமானாலோ கிடைக்கும் தொகை அதுதான்.

*மூன்று வருட தேர்டு பார்ட்டி ஓடிக்கொண்டிருந்தால்*, ஓன் டேமேஜை மட்டும் தனியாக வேறு நிறுவனத்தில் வாங்கலாம். 2018 செப்டம்பருக்குப் பிறகு புதிதாக வாங்கிய கார்களுக்கு மூன்று வருட தேர்டு பார்ட்டி சேர்ந்தே வருகிறது. முதல் புதுப்பித்தலிலேயே இந்த வழி திறந்திருக்கும்.

*விருப்பப் பிடித்தம்.* “ஒவ்வொரு க்ளெய்மிலும் முதல் இவ்வளவு ரூபாய் என் பொறுப்பு” என்று ஒப்புக்கொண்டால் பிரீமியம் குறையும். சின்ன சேதங்களுக்கு எப்படியும் க்ளெய்ம் செய்யப் போவதில்லை என்று முடிவெடுத்தவருக்கு இது பொருந்தும். கையில் அவசரப் பணம் இல்லாதவருக்கு ஆபத்து.

*ஜீரோ டெப்பை அவசரப்பட்டு நீக்கக் கூடாது.* ஆனால் ஆண்டுக்கு எத்தனை க்ளெய்ம் வரை அனுமதி என்று பார்க்க வேண்டும். இரண்டோடு நிறுத்தும் பாலிசிகள் உண்டு.

*என்சிபி புரொடெக்ட்.* ஒரு க்ளெய்ம் செய்தாலும் போனஸ் போகாமல் காக்கும் ஆட்-ஆன். விபத்துக்குப் பிறகு வாங்கிப் பயனில்லை. போனஸ் மறுபடி 35%, 45% என்று ஏறும்போது யோசிக்கலாம். பெரும்பாலும் அதே நிறுவனத்தில் புதுப்பித்தால்தான் பலன் என்பதால் நிபந்தனையைப் படிக்க வேண்டும்.

*தேதி தவறக் கூடாது.* பாலிசி காலாவதியாகி 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்த போனஸும் போய்விடும். இடைப்பட்ட நாட்களில் எது நடந்தாலும் பாதுகாப்பு இல்லை. இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறை ரூ.2,000, அடுத்த முறை ரூ.4,000 அபராதம், சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடமுண்டு.

ஏற்கெனவே ‘இல்லை’ என்று போட்டாச்சு… இப்போ என்ன பண்றது?

திருத்திக்கொள்ள வழி இருக்கிறது; ஆனால் அடுத்த விபத்துக்கு முன்பே செய்துவிட வேண்டும். தவறாகப் பெற்ற போனஸ் பற்றி நிறுவனத்துக்கு மெயில் அனுப்பி, வித்தியாசத் தொகையைக் கட்டி, ‘என்டார்ஸ்மென்ட்’ எனப்படும் திருத்தச் சான்றை வாங்கிக்கொள்ளலாம். ஏஜென்ட் மூலம் வாங்கியவர்களும், ஆன்லைனில் அவசரமாக வாங்கியவர்களும் இன்றே பாலிசி பிடிஎஃபைத் திறந்து ‘என்சிபி’ என்ற வரியைப் பார்ப்பது நல்லது. க்ளெய்ம் செய்த ஆண்டுக்கு அடுத்த பாலிசியில் அங்கே பூஜ்யம் இருக்க வேண்டும். “சார், நான் உங்களுக்கு நல்ல டிஸ்கவுன்ட் போட்டுத் தர்றேன்” என்று ஏஜென்ட் சொன்னது இந்த வரியாகவும் இருக்கலாம். கையெழுத்து அவருடையதல்ல, வாடிக்கையாளருடையது.

நம் இளைஞர் ‘ஆம்’ என்று போட்டால் இந்த ஆண்டு ரூ.6,372 கூடுதலாகப் போகும். அடுத்த ஆண்டு 20% திரும்பி வரும், அதற்கடுத்து 25%. அடுத்த டிசம்பரில் பார்க்கிங்கில் முட்டளவு தண்ணீர் நின்றால், கஸ்டமர் கேர் நம்பரைத் தயங்காமல் அழைக்கலாம்.